பத்துப் புள்ளிகளோடு வாய் திறக்கலாமா?

13 சீட்டுகளைக் கையில் விரித்ததும் பிரிட்ஜ் ஆடுபவர் செய்யும் முதல் வேலை கூட்டல். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1. கட்டு முழுவதும் சேர்த்தால் 40. ஆகவே ஒரு கையின் சராசரி 10. பன்னிரண்டோ பதின்மூன்றோ இருந்தால் ஏலத்தைத் திறக்கலாம், குறைந்தால் ‘பாஸ்’ சொல்லிவிட்டு வாய்மூடி இருக்க வேண்டும் என்பது தொடக்கப் பாடம். மில்டன் வொர்க்கின் பெயரால் வழங்கும் இந்தக் கணக்கைச் சென்ற நூற்றாண்டின் நடுவில் சார்ல்ஸ் கோரன் வீடுதோறும் கொண்டுசேர்த்தார். எளிமையானது, நேர்மையானது, பெரும்பாலான கைகளுக்குப் போதுமானது. நான் எழுத விரும்புவது அது போதாத கைகளைப் பற்றி.

ஆடிப் பழகாதவர்களுக்காகச் சில வரிகள். நால்வர் ஆட்டம் இது. எதிரெதிரே அமர்ந்திருக்கும் இருவர் கூட்டாளிகள். கூட்டாளியின் கையை நாம் பார்க்க முடியாது, சைகையும் கூடாது. ஏலத்தில் நாம் உரைப்பதுதான் நம் கையைப் பற்றி அவருக்குக் கிடைக்கும் செய்தி. அந்த மொழியின் சொற்கள் மொத்தம் 38: ஏழு படிகளில் ஐந்தைந்தாக 35 கேள்விகள், அவற்றோடு பாஸ், டபுள், ரீடபுள். இவ்வளவு வறிய அகராதியைக் கொண்டு 63,501 கோடிக்கும் மேற்பட்ட சாத்தியக் கைகளில் ஒன்றை விவரித்தாக வேண்டும். ஆகவே ‘ஒரு இஸ்பேட்’ என்ற முதல் சொல்லுக்கு இருவருக்குள்ளும் ஒரே பொருள் இருந்தாக வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சாகணில் எங்கள் மேசை வியாழக்கிழமைகளில் கூடும். புணேயைச் சூழ்ந்த தொழிற்பேட்டைகள் பலவற்றுக்கு வியாழன்தான் வார விடுமுறை என்பதை இங்கே வந்த பிறகே அறிந்தேன். நெடுஞ்சாலையில் உதிரிபாக லாரிகளின் நெரிசல் அன்று சற்றுக் குறையும். வெங்காயச் சந்தைக்குப் பெயர்போன இந்த ஊர், கார் ஆலைகளுக்கும் பெயர்போனதாகி இரண்டு தலைமுறைகூட ஆகவில்லை. நால்வரில் ஒருவர் ஓய்வுபெற்ற மராத்திய வரலாற்று ஆசிரியர். இன்னொருவர் வார்ப்பாலையொன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் மலையாளி. என் கூட்டாளி கும்பகோணத்துக்காரர். இளம் வயதில் பிம்ப்ரியில் வேலைக்கு வந்து, இங்கேயே தலை நரைத்தவர். எழுபதைத் தாண்டிய அவரை நான் ‘சார்’ என்பேன், அவர் என்னைத் ‘தம்பி’ என்பார். ஆனால் ‘நீங்க’ போட்டுத்தான் பேசுவார். நான்காமவன் நான்: எஃகுப் பகுதிகள் திரும்பத் திரும்பச் சுமை தாங்கி எப்போது சோர்ந்து உடைகின்றன என்பதைப் புள்ளியியல் வழியில் ஆராய்ந்துகொண்டிருப்பவன்.

சீட்டு என்றதுமே நம் வீடுகளில் எழும் முகச்சுளிப்பு எனக்கும் பழக்கமானதுதான். ‘சூது’ என்று ஒரு அதிகாரமே வகுத்துவைத்த மரபு நம்முடையது; தொலைபேசியில் அம்மா அதை நினைவூட்டத் தவறுவதில்லை. பணம் வைத்தாடும் மேசையல்ல எங்களுடையது. சட்டமும் இந்த வேறுபாட்டை அறியும். ரம்மி திறனாட்டமே என்று 1967இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அதிலுள்ள தற்செயல் பிரிட்ஜில் சீட்டுப் பகிர்வில் உள்ள தற்செயலைப் போன்றதே என்று ஒப்பிட்டுக் காட்டியது. போட்டிப் பிரிட்ஜில் அந்தத் தற்செயலையும் கட்டிப்போடுவார்கள்: ஒரே பகிர்வை எல்லா மேசைகளிலும் ஆடவைத்து, அதே கையை வைத்துக்கொண்டு யார் நன்றாக ஆடினார் என்பதைத்தான் அளப்பார்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தன், சிவ்நாத் தே சர்கார் என்ற இரு கொல்கத்தாக்காரர்கள் ஆடவர் இணையருக்கான தங்கத்தை வென்றபோது ஒருவருக்கு வயது 60, மற்றவருக்கு 56. அம்மாவிடம் அந்தச் செய்தித்தாள் துணுக்கை அனுப்பிவைத்தேன். ‘இனிமேல்தான் நீ ஓடியாடப் போகிறாயாக்கும்’ என்று பதில் வந்தது.

இப்போது கைக்கு வருவோம். சில மாதங்களுக்கு முன் ஒரு வியாழனன்று எனக்கு வந்தது இது. இஸ்பேடில் ஏஸ், ராணி, 10, 8, 5. ஆர்ட்டினில் ராஜா, ஜாக், 9, 7, 4. டைமனில் 6, 3. கிளாவரில் ஒற்றை 5. சீட்டு போட்டவன் நானே. முதலில் பேச வேண்டியவனும் நானே. கூட்டினால் 10 புள்ளிதான் தேறுகிறது. பாடப்படி பாஸ். நான் ‘ஒரு இஸ்பேட்’ என்றேன்.

ஏன் என்று சொல்கிறேன். ஏஸும் ராஜாவும் தாமாகப் பிடி எடுப்பவை. அவற்றை எண்ண 4-3-2-1 போதும். ஆனால் பிடிகள் இன்னும் இரண்டு வழிகளில் பிறக்கின்றன. எதிரணியின் பெரிய சீட்டுகள் தீர்ந்தபின் நீண்ட இனத்தின் சிறுசீட்டும் பிடி எடுக்கும். நம்மிடம் இல்லாத இனத்தில் எதிரணி ஏஸை இறக்கினால், இரண்டு மதிப்புள்ள துருப்பால் அதை வெட்டலாம். இவ்விரண்டும் சீட்டின் உயரத்தால் வருவன அல்ல; பரவலால் வருவன. 4-3-3-3, 4-4-3-2, 5-3-3-2 என்ற சமனான அமைப்புகள் மூன்றும் சேர்ந்து 47.6 விழுக்காடு, ஆக, நமக்கு வரும் கைகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தவைதான். என்னிடமிருந்த 5-5-2-1 வருவது 3.17 விழுக்காடு, ஏறத்தாழ முப்பத்திரண்டு கைகளுக்கு ஒருமுறை.

கூட்டாளியிடம் இஸ்பேடில் ராஜா, 7, 4, 2, ஆர்ட்டினில் ஏஸ், 5, மீதி டைமன் நான்கும் கிளாவர் மூன்றுமாகப் பொடிச்சீட்டுகள் மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 7, எனக்கு 10, மொத்தம் 17. நான்கு இஸ்பேட் கேட்டுப் பத்துப் பிடி எடுக்க வழக்கமாக இரண்டு கைகளிலும் சேர்த்து 25, 26 புள்ளி வேண்டும் என்பார்கள். இங்கே 17 புள்ளியில், சீட்டுகள் மிக மோசமாகப் பிரிந்திராவிட்டால், பத்துப் பிடியும் வந்துவிடும். டைமனில் இரண்டு, கிளாவரில் ஒன்று, அவ்வளவுதான் இழப்பு. ஆர்ட்டினில் ஏஸும் ராஜாவும் போக எஞ்சியவற்றை எதிர்க்கையிலுள்ள துருப்புகளால் வெட்டிக்கொள்ளலாம், அல்லது அந்த இனமே முதிர்ந்து நிற்கும். எதிரணியிடம் 23 புள்ளி இருந்தும் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்தச் சாய்வை அளக்கப் பலர் பல வாய்பாடுகளைத் தந்திருக்கிறார்கள். கோரனே ஒற்றைச் சீட்டுக்கு 2, இரட்டைக்கு 1, வெற்றினத்துக்கு 3 எனக் கூட்டச் சொன்னார். அமெரிக்கரான மார்ட்டி பெர்கன் பரப்பிய ‘இருபது விதி’ இன்னும் எளிது: புள்ளிகளோடு மிக நீண்ட இரண்டு இனங்களின் நீளத்தைக் கூட்டு, 20 வந்தால் திற. என் கை 10 + 5 + 5, சரியாக வாசலில் நிற்கிறது. பல்கேரியரான ஸார் பெட்கோவின் கணக்கு, புள்ளிகளுடன் ஏஸுக்கு 2, ராஜாவுக்கு 1 எனக் கட்டுப்பாட்டு மதிப்பையும், இரண்டு நீண்ட இனங்களின் நீளத்தையும், மிக நீண்டதற்கும் மிகக் குறுகியதற்கும் இடையிலான வேறுபாட்டையும் சேர்க்கும். 26 வந்தால் திறக்கலாம். எனக்கு 10 + 3 + 10 + 4 = 27. இழப்பெண் முறை மறுபக்கத்திலிருந்து பார்க்கும்: ஒவ்வொரு இனத்திலும் முதல் மூன்று சீட்டுகளுக்குள் ஏஸ், ராஜா, ராணி எவை இல்லையோ அவை இழப்பு. ஏழு இழப்பு என்றால் திறக்கத் தகுந்த கை, என்னுடையது ஆறு.

ஆட்டம் முடிந்ததும் பெரியவர் இந்தக் கணக்குகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “தம்பி, நீங்க ‘ஒரு இஸ்பேட்’னு சொன்னா அது எனக்குக் கொடுத்த வாக்கு. பன்னிரண்டு இருக்குன்னு நம்பி நான் எதிராளியை டபுள் பண்ணிட்டேன்னு வைங்க. அப்ப வந்து எங்கிட்ட நீளம் இருக்கு சார்னா, அந்த நீளத்தை நான் எங்க போய் வைக்கிறது?”

இது வெறும் பழமைவாதம் அல்ல. சாய்ந்த கை தாக்கத்தில் வலியது, தடுப்பில் எளியது. நம் இஸ்பேட் துருப்பாகும்போது பத்துப் பிடி தரும் அதே கை, எதிரணியின் கிளாவர் துருப்பானால் இரண்டு பிடி தருவதே அரிது. கூட்டாளி எந்தப் பக்கம் நின்று நம்மை நம்புகிறார் என்பது திறக்கும்போது நமக்குத் தெரியாது. அவர் இன்னொரு வழியையும் காட்டினார். இப்போது பாஸ் சொல்லிவிட்டு, எதிரணி ‘ஒரு டைமன்’ என்று தொடங்கினால், மைக்கேல்ஸ் முறைப்படி அதே டைமனை இரண்டாகக் கேட்கலாம். இஸ்பேடும் ஆர்ட்டினும் ஐந்தைந்து இருப்பதை அந்த ஒரே சொல் சொல்லிவிடும். பொறுத்திருந்தால் உண்மையை இன்னும் துல்லியமாகச் சொல்லலாமே என்பது அவர் வாதம். எதிரணி ஒன்றில் தொடங்காமல் மூன்று கிளாவரில் தொடங்கினால் என்ன செய்வது என்பது என் வாதம். பொறுமைக்குப் பரிசு கிடைக்கும் என்பதற்கு ஏலத்தில் உறுதி ஏதுமில்லை.

மலையாள நண்பருக்கு இந்தச் சண்டை வியப்பாக இருந்தது. அவர் இருபத்தெட்டு ஆடி வளர்ந்தவர். அந்த ஆட்டத்தில் ஜாக்குக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. நான்கு இனமும் சேர்ந்து 28. எட்டில் நான்கு சீட்டு கைக்கு வந்ததுமே கேட்டாக வேண்டும், மீதி நான்கு பிறகுதான் வரும். பாதிக் கையை மட்டும் பார்த்துப் பதினான்குக்கு மேல் கேட்கும் குலத்தில் பிறந்தவருக்கு, முழுக் கையையும் பார்த்துவிட்டு வாய் திறக்கலாமா என்று நாங்கள் மணிக்கணக்கில் வாதிடுவது வேடிக்கையாகத் தெரிந்ததில் தவறில்லை. யாழ்ப்பாணத்து முந்நூற்று நான்கும் ஏறக்குறைய அதே வார்ப்புதான். நம் கடலோரங்களின் சீட்டாட்டங்களில் துணிச்சல் விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பிரிட்ஜில் அதை நாமாகக் கொண்டுவர வேண்டும்.

அடுத்த வாரம் பெரியவர் ஒரு கையைத் தாளில் எழுதி என் முன் வைத்தார். இஸ்பேடில் ஜாக், 8, 6, 4, 2. ஆர்ட்டினில் 10, 7, 5, 4, 3. டைமனில் ராஜா, ராணி. கிளாவரில் ஒற்றை ஏஸ். “இதைத் திறப்பீங்களா?”

கூட்டிப் பார்த்தேன். புள்ளி 10. இருபது விதியில் 20. ஸார் கணக்கில் 27. அமைப்பு அதே 5-5-2-1. விரைவுப் பிடிகளை எண்ணும் பழைய முறையிலும் இரண்டு கைகளுக்கும் இரண்டு இரண்டு. இழப்பெண் மட்டும் ஆறிலிருந்து ஏழாகிறது. அதுவும் திறக்கலாம் என்ற எல்லைக்குள்தான். ஆனால் அனுபவமுள்ள எவரும் இந்தக் கையைத் திறக்கத் தயங்குவார். பெரிய சீட்டுகளெல்லாம் குறுகிய இனங்களில் சிறைப்பட்டிருக்கின்றன. ஒற்றை ஏஸ் ஒரு பிடி எடுக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது, கீழே அது தூக்கிவிட ஒன்றுமில்லை. ஐந்து இஸ்பேடும் ஐந்து ஆர்ட்டினும் நீளம் மட்டுமே உள்ள வெறும் வரிசைகள். அவற்றை முதிரவைப்பதற்குள் எதிரணி நம் துருப்பைத் தீர்த்துவிடும். முதல் கையிலோ ராணியும் பத்தும் ஏஸின் நிழலில், ஜாக்கும் ஒன்பதும் ராஜாவின் நிழலில். ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அந்தப் பத்துக்கும் ஒன்பதுக்கும் எந்தக் கணக்கும் ஒரு புள்ளிகூடத் தருவதில்லை.

“எத்தனை புள்ளின்னு கேக்கறதை விட்டுட்டு, எங்க இருக்குன்னு கேளுங்க,” என்றார்.

அந்தக் கேள்வியை நான் வேறோரிடத்துக்குக் கொண்டுபோனேன். அப்போது ஆலையொன்றின் சுருள்வில் தொகுதியை நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். சோதித்தவை 240, முன்கூட்டியே உடைந்தவை 7. சராசரி ஆயுள் நிர்ணயித்த அளவைத் தாண்டியே இருந்தது. இந்த எண்ணிக்கையை வைத்து எதுவும் சொல்ல இயலாது, இன்னும் இரண்டு மாதத் தரவு வரட்டும் என்றார் என் நெறியாளர். புள்ளியியலின்படி அவர் கூற்று மறுக்க முடியாதது. அது பாஸ் சொல்ல வேண்டிய கைதான். ஆனால் அந்த வில்கள் போய்ச் சேருவது மனிதர்கள் ஏறிச்செல்லும் வண்டிகளில். ஏழும் எங்கே உடைந்தன என்று பார்த்தேன். ஐந்து ஒரே வெப்பப் பதன அடுக்கிலிருந்து வந்தவை. அந்த ஐந்திலும் விரிசல் தொடங்கிய இடம் சுருளின் உட்பக்கம். சுருள்வில்லில் தகைவு மிகுவதும் அங்கேதான். மற்ற இரண்டும் கீறல்பட்ட, தனித்தனிக் காரணமுள்ளவை. பெரிய சீட்டுகள் நீண்ட இனத்தில் இருந்தன.

இரண்டு பக்கக் குறிப்பு எழுதி நெறியாளரின் கையொப்பத்தோடு அனுப்பினேன். முதல் வரியிலேயே, இது ஏழு உடைவுகளை மட்டும் கொண்ட மெலிந்த சான்று என்றும், அடுத்த தொகுதியோடு ஒப்பிட்டால் மாறக்கூடும் என்றும் எழுதினோம். அந்த வரி வேண்டும் என்று வற்புறுத்தியவர் நெறியாளர். ஆலை அந்த அடுக்கில் பதனமான வில்களை மட்டும் ஒதுக்கிவைத்திருக்கிறது. காரணம் இன்னும் ஆய்வில் இருக்கிறது. அவசரப்பட்டுவிட்டோமோ என்ற ஐயம் நெறியாளருக்கு இன்னும் தீரவில்லை. எனக்கு அந்த ஐயம் இல்லை.

பிரிட்ஜ் விதிகளிலும் அந்த முதல் வரிக்கு ஓர் இணை உண்டு. மெலிந்த கையோடு திறப்பது உங்கள் உரிமை. ஆனால் அது கூட்டாளிகளுக்குள் ஒப்புக்கொண்ட வழக்கமானால், எதிரணிக்கு அதை மறைக்கக் கூடாது. ‘ஒரு இஸ்பேட் என்றால் இவர்களிடம் எவ்வளவு இருக்கும்’ என்று அவர்கள் கேட்டால் உள்ளபடி சொல்லியாக வேண்டும். கூட்டாளிக்குத் தெரிந்ததெல்லாம் எதிரணிக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்ற இந்த அறம், மற்ற எந்தச் சீட்டாட்டத்திலும் நான் காணாதது. எங்கள் சண்டை இதற்குப் பிறகுதான் தணியத் தொடங்கியது. பெரியவரின் அச்சம் என் பத்துப் புள்ளி அல்ல. அவருக்குத் தெரியாமல் இருக்கும் பத்துப் புள்ளி.

இடையில் வரலாற்று ஆசிரியர் ஒருநாள் எங்களைச் சங்கிராமதுர்க்கத்துக்கு அழைத்துச் சென்றார். சாகணின் பழைய தரைக்கோட்டை. இன்று சிதைந்த மதில்களும் புதர்களும்தான். 1660இன் மழைக்காலத்தில் சாயிஸ்தா கானின் பெரும்படை இதைச் சூழ்ந்தது. உள்ளே பிரங்கோஜி நர்சாளாவும் சில நூறு வீரர்களும். மலையின் காவலில்லாத, சமதளத்தில் நிற்கும் இந்தக் கோட்டை ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தாக்குப்பிடித்தது. இறுதியில் சுரங்கம் தோண்டி வெடிவைத்து மதிலைத் தகர்த்த பிறகே வீழ்ந்தது. “பத்துப் புள்ளிகூட இல்லை, ஆனாலும் திறந்தார்,” என்று என்னைப் பார்த்துச் சொன்னார் ஆசிரியர். பெரியவர் விடவில்லை. அது ஒன்றில் திறப்பதல்ல, மூன்றில் திறப்பது என்றார். வெல்வதற்காகக் கேட்பது ஒன்று. ஒரே நீண்ட இனத்தை வைத்துக்கொண்டு, தோற்றாலும் எதிரணியின் நேரத்தையும் இடத்தையும் விழுங்குவதற்காக உயரத்தில் கேட்பது இன்னொன்று. இரண்டையும் குழப்பக் கூடாது என்று அந்த மதிலடியில் நின்றபடியே அவர் விளக்கியது, வரலாற்றாசிரியருக்கும் ஏற்புடையதாகவே இருந்தது.

இப்போது எங்கள் ஒப்பந்தம் ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கிறது; எதிரணி இருவரிடமும் ஒரு படி உண்டு. முதல் இடத்திலோ இரண்டாம் இடத்திலோ இருபது விதி நிறைவேற வேண்டும், இரண்டு விரைவுப் பிடிகளாவது இருக்க வேண்டும், பெரிய சீட்டுகளில் பெரும்பகுதி நீண்ட இரண்டு இனங்களுக்குள் இருக்க வேண்டும். இரண்டாம் இடத்தில், நாங்கள் வல்னரபிளாக இருந்தால் இந்தச் சலுகை இல்லை. இது பெரியவரின் திருத்தம். மூன்றாம் இடத்தில், கூட்டாளி ஏற்கெனவே பாஸ் சொன்ன பிறகு, நல்ல ஐந்துசீட்டு இனம் இருந்தால் ஒன்பதுக்கும் திறக்கலாம். அவர் பாஸ் சொன்னதால் எல்லை மீறி நம்ப மாட்டார். நான்காம் இடத்தில் புள்ளியோடு இஸ்பேட் எண்ணிக்கையைக் கூட்டி 15 வந்தால் மட்டுமே. இல்லையேல் மூன்று பாஸுக்குப் பின் நாமும் பாஸ் சொல்லிச் சீட்டைக் கலைத்துவிடலாம். இஸ்பேட் உயர்ந்த இனம் என்பதால், எதிரணியைவிட ஒரு படி ஏறாமலே நாம் அதைக் கேட்க முடியும். அதனால் ஐந்தைந்தாகச் சாய்ந்த கையில் இஸ்பேட் இருந்தால் எனக்குத் துணிவு கூடும். கிளாவரும் டைமனுமானால் இப்போதெல்லாம் நானும் பெரும்பாலும் பாஸ்தான்.

தை பிறந்ததும் பெரியவர் கும்பகோணத்துக்கே திரும்பிவிடப் போகிறார். பிரிட்ஜ் பேஸ் ஆன்லைனில் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருக்கிறேன். திரையில் சீட்டு மிகச் சிறியதாகத் தெரிகிறது என்று குறைபட்டுக்கொள்கிறார். அதற்குள் தீர்த்தாக வேண்டிய கை ஒன்று பாக்கி இருக்கிறது. போன வியாழன் அவருக்கு வந்தது: இஸ்பேடில் ராணி, ஜாக், 9, 8, 6, 3. ஆர்ட்டினே இல்லை. டைமனில் ஏஸ், 10, 9, 7, 4. கிளாவரில் 8, 2. நூற்றைம்பது கைகளுக்கு ஒன்றாக வரும் 6-5-2-0. புள்ளி வெறும் 7. இருபது விதியில் 18. ஒப்பந்தப்படி திறக்க வழியே இல்லை. இழப்பெண் ஆறு, ஸார் கணக்கில் சரியாக 26. அவர் நெடுநேரம் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ‘இரண்டு இஸ்பேட்’ என்றார், ஆறுசீட்டுள்ள மெலிந்த கை என்ற பொருளில். அந்தச் சொல்லால் டைமன் ஐந்தும் புதைந்துபோயின என்பது என் குறை. ‘ஒரு இஸ்பேட்’ சொல்லியிருந்தால் நான் மூன்று நோட்ரம்ப் வரை ஓடியிருப்பேன் என்பது அவர் குறை. மலையாள நண்பர் பாஸ் என்கிறார். வரலாற்றாசிரியர், யார் வல்னரபிள் என்று முதலில் சொல்லுங்கள் என்கிறார். இருவருமே இல்லை.